எஞ்சினுக்கு நெற்றி எது?

மந்தைவெளி கோதண்டபாணியைப் பற்றிச் சொல்ல வேண்டுமானால் அவருடைய கட்டைவிரலிலிருந்து தொடங்க வேண்டும். புளியும் செங்கல் பொடியும் வைத்துப் பித்தளையைத் தேய்த்துத் தேய்த்து அந்த விரலில் ரேகை போய்விட்டது. கைநாட்டு வைத்தால் காகிதத்தில் ஒரு கறுப்பு வட்டம் விழும், அவ்வளவுதான். நான் நர்ஸ். எத்தனையோ கைகளைப் பிடித்துப் பார்த்தவள். அப்படி வழவழத்த விரலை வேறு யாரிடமும் பார்த்ததில்லை.

அவர் முதலில் வேலை பார்த்தது கச்சேரி ரோட்டில் ஒரு பாத்திரக் கடையில். பழைய குத்துவிளக்கையும் குடத்தையும் வாங்கிப் புதிதுபோல் துலக்கி விற்கும் கடை. அவர் துலக்கிய குடத்தைப் பழையது என்று சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள். லஸ் பக்கத்தில் குடியிருந்த ஒரு வக்கீல் அதைப் பார்த்துவிட்டு, தன் குதிரை வண்டியின் பித்தளை விளக்குகளைத் துலக்குவதற்கென்றே அவரை வீட்டோடு வைத்துக்கொண்டார். 1925-ல் வக்கீல் குதிரையை விற்றுவிட்டு, சீமைக்குத் திரும்பிய ஒரு வெள்ளைக்கார டாக்டரிடமிருந்து ஒரு பழைய காரை வாங்கினார். குதிரைக்காரன் குதிரையோடு போய்விட்டான். கோதண்டபாணி விளக்குகளோடு நின்றுவிட்டார். காரிலும் விளக்கு பித்தளைதான், ஹாரன் பித்தளைதான். அவருக்கு அது போதும்.

ஓட்டக் கற்றுக்கொண்டது மாம்பலத்தில். ஏரியைத் தூர்த்து அப்போதுதான் தெருக்கள் போட்டிருந்தார்கள். வீடுகள் இன்னும் எழும்பவில்லை. இடிப்பதற்கு ஒன்றும் இல்லாத இடம் என்பதால் வக்கீல் அங்கே கூட்டிப்போனார். இருந்த ஒரே ஒரு விளக்குக் கம்பத்தில் கோதண்டபாணி இடித்தார். பிறகு எதிலும் இடித்தது கிடையாது.

வக்கீல் காலமானது முப்பத்தொன்றில். மறு வருஷம் அவருடைய மனைவி காமாக்ஷி அம்மாள் கிணற்றடியில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டார். அந்தக் கேஸுக்காகத்தான் சாந்தோமிலிருந்து நான் அந்த வீட்டுக்குப் போனேன், அப்படியே அங்கே தங்கிவிட்டேன். எலும்பு ஒரு மாதிரியாகக் கூடிவிட்டது. ஆனால் ஒரு கால் குட்டையாகிவிட்டது. டிராமில் ஏற முடியாது, ஜட்காவில் குனிந்து நுழைய முடியாது. காரின் பின் சீட்டு மட்டும் அவருக்காகவே அளவெடுத்துச் செய்ததுபோல் இருந்தது. கபாலி கோயில் வாசல் வரை அதில்தான் போய்வருவார். கோதண்டபாணிக்கு அந்த வீட்டில் வேலை இருந்ததற்கு அந்தச் சீட்டுதான் காரணம்.

1934 ஆவணியில் கண்டியிலிருந்து கடிதம் வந்தது. மகள் சுப்புலக்ஷ்மிக்கு இரண்டாவது பிரசவம். படுக்கையை விட்டு எழக்கூடாது, பிரயாணம் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அம்மாதான் அங்கே போக வேண்டும். மாப்பிள்ளை கணக்கான மனிதர். ரயிலில் வந்துவிடுங்கள், எப்படியும் ஆறு மாதம் இங்கேதான் இருக்கப் போகிறீர்கள், பழைய காரையும் டிரைவரையும் வைத்துக்கொண்டு என்ன செய்வது, தேனாம்பேட்டையில் வாங்க ஆள் பார்த்திருக்கிறேன் என்று எழுதியிருந்தார்.

காமாக்ஷி அம்மாள் கடிதத்தை என்னிடம் கொடுத்துவிட்டு, "நான் என் கார்லதான் போவேன்னு எழுது" என்றார்.

எழுதினேன். பதில் வந்தது. கொண்டுவந்து பாருங்கள். ஆனால் கடற்கரையில் காரைக் கப்பலில் ஏற்ற மறுத்துவிட்டால் அப்படியே கூட்ஸில் சென்னைக்குத் திருப்பி அனுப்பிவிடுங்கள். தேனாம்பேட்டைக்காரர் ஸ்டேஷனிலேயே வந்து எடுத்துக்கொள்வார்.

ஆகவே எல்லாம் அந்தக் கடற்கரையைப் பொறுத்தது. கார் கப்பல் ஏறினால் கோதண்டபாணிக்கு வேலை இருக்கும், ஏறாவிட்டால் இல்லை. அவருக்கு அப்போது நாற்பத்திரண்டு வயது. மூன்று பெண்கள். எண் தெரியும், எழுத்துத் தெரியாது. பாதை போர்டைப் படிக்கத் தெரியாதவரை, ஒரே ஒரு பழைய காரை மட்டும் ஓட்டிப் பழகியவரை, வேறு யார் வைத்துக்கொள்வார்கள்?

காரைக் கடல் தாண்டிக் கொண்டுபோவதற்கு அந்தக் காலத்தில் ஒரு வழி இருந்தது. மோட்டார் சங்கத்தில் ஒரு சிறு புத்தகம் கொடுப்பார்கள். காரின் நிறம், நம்பர், எஞ்சின் நம்பர், எத்தனை சீட்டு, எத்தனை டயர் என்று எல்லாம் அதில் எழுதியிருக்கும். கரையில் சுங்க அதிகாரி அதை வைத்துக் காரைச் சரிபார்ப்பார். போன கார்தான் திரும்பி வந்தது என்று கடைசியில் காட்டிவிட்டால் வரி கிடையாது. எஞ்சின் நம்பர் பொருந்தவில்லை என்றால் புத்தகம் செல்லாது.

சங்கத்துக் குமாஸ்தா ஒரு நாள் மத்தியானம் லஸ் வீட்டுக்கு வந்தார். சீட்டை எண்ணினார், டயரை எண்ணினார். எஞ்சின் நம்பரைப் பார்க்க வேண்டும் என்றார். அப்போது கோதண்டபாணி பானெட்டின் மேல் கையை ஊன்றி நின்றுகொண்டு, நம்பர் ரிஜிஸ்டர் புத்தகத்தில் இருக்கிறது, வாங்கிய நாளிலிருந்து மாறவே இல்லை, உள்ளே நல்ல மோர் இருக்கிறது என்று சொன்னதை நான் மாடியிலிருந்து கேட்டேன். குமாஸ்தா மோரைக் குடித்தார், ரிஜிஸ்டரைப் பார்த்து எழுதிக்கொண்டார், போய்விட்டார். எனக்குச் சந்தேகம் தட்டியது. பேஷன்ட் ஒரு இடத்தைத் தொடவிடாமல் மறைத்தால் அங்கேதான் புண் இருக்கும். கீழே போய் பானெட்டைத் திறக்கச் சொன்னேன்.

எஞ்சின் பக்கத்தில் உள்ளங்கை அளவுக்கு ஒரு பித்தளைத் தகடு அடித்திருந்தது. கண்ணாடிபோல் பளபளத்தது. என் முகம் தெரிந்தது, பின்னால் மாமரம் தெரிந்தது. எண் மட்டும் இல்லை.

"எங்கே நம்பர்?"

"இருந்துச்சு நர்சம்மா. போன வருசம் கூட ஒரு ஏழு தெரிஞ்சிக்கினு இருந்துச்சு."

ஒன்பது வருஷம் வாரம் இரண்டு தடவை புளி போட்டுத் தேய்த்திருக்கிறார். விளக்கு, ஹாரன், கதவுப் பிடி எல்லாவற்றோடும் இதையும். பித்தளை என்றால் பளபளக்க வேண்டும். அதில் வெட்டியிருந்த எண் அவருக்கு அழுக்குச் சேரும் பள்ளமாகத்தான் தெரிந்திருக்கிறது. வேறு எந்த ஊர் டிரைவரும் இந்தத் தப்பைச் செய்திருக்க மாட்டார். கச்சேரி ரோட்டுப் பாத்திரக் கடையிலிருந்து வந்தவரால்தான் முடியும்.

அம்மாவிடம் சொல்லிவிடுங்கள் என்றேன்.

"சொன்னா இன்னா ஆவும்? வண்டி தேனாம்பேட்டைக்குப் போவும். நான் ஊட்டுக்குப் போவேன். அங்க போயி பாத்துக்கலாம், நர்சம்மா. நூறு வண்டி வர்ற எடம். எவன் பானெட்டத் தொறந்து பாக்கப் போறான்?"

நானும் சொல்லவில்லை. அது தப்புதான். அம்மாவின் ரத்த அழுத்தம், பிரயாணப் பரபரப்பு என்று எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டேன்.

வியாழக்கிழமை விடியற்காலையில் கிளம்பினோம். அம்மாளின் சாமான்களில் ஒரு குமுட்டி அடுப்பு, இரண்டு ஜாடி ஊறுகாய், பிரசவ மருந்துச் சரக்கு ஒரு டின், மடி சமையலுக்குத் தனிப் பாத்திரங்கள், என் மருந்துப் பெட்டி, பெட்பான். கோதண்டபாணியின் மனைவி தேவானை வந்து வண்டிக்குத் திருஷ்டி சுற்றி, நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்தாள். "சமுத்திரத்தைத் தாண்டி என் புருசனை முயுசா கொண்டாந்து சேத்துடு" என்று அவள் சொன்னது சாமியிடம் இல்லை, காரிடம். கிண்டி தாண்டும்போதே அம்மாள் தூங்கிவிட்டார்.

மண்டபம் போய்ச் சேர எங்களுக்கு மூன்று நாள் ஆனது. திருச்சிக்கு இந்தப் பக்கம் இரண்டு பஞ்சர். மதுரைக்கு அந்தப் பக்கம் ஒரு ஓடையில் மாடு கட்டி இழுக்க வேண்டியிருந்தது. தங்கிய சத்திரங்களில் எல்லாம் கோதண்டபாணி முதலில் துணியை எடுத்துக்கொண்டு விளக்கைத் துடைப்பார். அந்தத் தகட்டை மட்டும் துடைக்கவில்லை. இனி அதை மங்க விட்டால் எண் திரும்பி வந்துவிடும் என்று நினைத்தாரோ என்னவோ. வெள்ளிக்கிழமை காலையில் பானெட்டைத் திறந்து, வழக்கம்போல் எஞ்சினுக்குச் சந்தனமும் குங்குமமும் வைத்தார். அதை மட்டும் நிறுத்தவில்லை.

மண்டபத்துக்கு அப்பால் சாலை கிடையாது. பாம்பன் பாலம் ரயிலுக்கு மட்டும். காரை ரயிலின் திறந்த தட்டை வாகனில் ஏற்றித் தனுஷ்கோடி கொண்டுபோக வேண்டும். அதற்கு முன் டாங்கிலிருந்து கடைசிச் சொட்டு பெட்ரோல் வரை இறக்கிவிட வேண்டும். பெட்ரோல் இறங்குவதைக் கோதண்டபாணி ரத்தம் எடுப்பதைப் பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டு நின்றார். இலங்கைக்குப் போகிற எல்லோரையும்போல் எங்களுக்கும் அங்கே டாக்டர் பரிசோதனை. அம்மாளின் நாக்கை அவர் பார்த்தது ஒரு விநாடிதான். நானாக இருந்தால் இன்னும் கொஞ்சம் பார்த்திருப்பேன்.

மறுநாள் மதியம் தனுஷ்கோடி துறைக்குப் போய்ச் சேர்ந்தோம். ஒரு பக்கம் ரயில், இன்னொரு பக்கம் தலைமன்னாருக்குப் போகும் ஸ்டீமர், நடுவில் மணலும் மீன் நாற்றமும் கூலிகளின் சத்தமும். ஸ்டீமர் கிளம்ப ஒரு மணி நேரம் இருந்தது. சுங்க அதிகாரி புத்தகத்தை வாங்கிக்கொண்டார். ஹபீபுர் ரஹ்மான் என்று பெயர். மெலிந்த மனிதர், மூக்குக்கண்ணாடி, சட்டைப் பையில் இரண்டு பேனா. சீட்டை எண்ணினார், டயரை எண்ணினார். பிறகு பானெட்டைத் திறக்கச் சொன்னார். நூறு வண்டிகளில் நூறையும் திறந்து பார்க்கிற ஆள் அவர்.

தகட்டின் முன் குனிந்தவர் நிமிரவில்லை. விரலால் தடவிப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். தகட்டில் அவருடைய மூக்குதான் தெரிந்திருக்கும்.

எண்ணை யார் அழித்தது என்று கேட்டார். குரலை உயர்த்தவில்லை. திருட்டு வண்டிகளில்தான் இப்படி அழிப்பார்கள் என்றார். கோதண்டபாணி கைகட்டி நின்றுகொண்டு எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொல்லிவிட்டார். புளி, செங்கல் பொடி, வாரத்தில் இரண்டு தடவை, ஒன்பது வருஷம், குமாஸ்தாவுக்குக் கொடுத்த மோர் வரை.

காமாக்ஷி அம்மாள் ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார்.

"ஏண்டாப்பா கோதண்டம், இத்தனையும் மனசுல வச்சுண்டு முந்நூறு மைல் ஓட்டிண்டு வந்தியா?"

"ஆமாம்மா."

"நர்சம்மாவுக்குத் தெரியுமோ?"

நான் தெரியும் என்றேன். அம்மாள் என்னை ஒரு பார்வை பார்த்தார். அந்தப் பார்வைக்கு நான் தகுதியானவள்தான்.

ரஹ்மான் சந்தேகப்படவில்லை என்பது அவர் முகத்தில் தெரிந்தது. ஆனால் நம்பிக்கையை வைத்துப் புத்தகத்தில் முத்திரை குத்த முடியாது. தகடு போனால் போகட்டும், எஞ்சின் இரும்பிலேயே எங்காவது எண்ணை அடித்திருப்பார்கள், காட்டுங்கள், முக்கால் மணி நேரம் இருக்கிறது என்றார். அதுவும் இல்லை என்றால் கார் மாலை கூட்ஸில் சென்னைக்கு.

கோதண்டபாணி சட்டையைக் கழற்றிவிட்டு வண்டிக்கடியில் போனார். பம்பரிலிருந்து பின் அச்சு வரை தேடினார். இரண்டு கூலிகளும் சேர்ந்து தேடினார்கள். ஒன்றுமில்லை. அந்தக் காரில் அவர் தொடாத திருகாணி கிடையாது. எங்கும் எண்ணைப் பார்த்ததாக அவருக்கு ஞாபகம் இல்லை. முகமெல்லாம் கிரீஸும் மணலுமாக வெளியே வந்து எஞ்சினைப் பார்த்துக்கொண்டு நின்றார். ரஹ்மான் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு எஞ்சின் மேல் இருந்த சந்தனக் கட்டியைப் பேனாவால் சுட்டி, அது என்ன என்று கேட்டார்.

"நெத்தி சார்."

"எது?"

"எஞ்சினோட நெத்தி. பொட்டு வெக்கிற எடம். மொத மொத வண்டி வந்தப்போ எங்க வெக்கிறதுன்னு தெரியல. எல்லா எடமும் மேடும் பள்ளமுமா கீது. இது ஒண்ணுதான் நெத்தியாட்டம் தட்டையா இருந்துச்சு. வெள்ளிக்கெயம வெள்ளிக்கெயம..."

அங்கேயே நிறுத்திவிட்டார். கை மட்டும் மெல்ல அந்தச் சந்தனத்தின் மேல் போனது.

"கையில நெரநெரன்னு பட்டுச்சு சார். மொத நாளு. கிரீசு புடிச்ச எடம், இன்னாவோ சொரசொரப்புன்னு வுட்டுட்டேன்."

வார்ப்பு இரும்பை வழவழப்பாகச் சீவி எதற்காக ஒரு இடத்தை மட்டும் தட்டையாக விடுவார்கள்? ஏதாவது அடிப்பதற்குத்தான். ஒன்பது வருஷச் சந்தனமும் குங்குமமும் கற்பூரக் கரியும் எண்ணெயும் அதன் மேல் ஒரு அங்குலத்துக்கு இறுகிப் போயிருந்தது.

கூலி ஒருவன் உளியை நீட்டினான். நான் வேண்டாம் என்றேன். உளி பட்டால் எண்ணும் சேர்ந்து போகும். ஆறின புண்ணின் பொருக்கைப் பிய்க்கக் கூடாது, ஊறவைத்துத்தான் எடுக்க வேண்டும். ஸ்பிரிட்டில் பஞ்சை நனைத்து அதன் மேல் போட்டு, நாக்கை அழுத்திப் பார்க்கும் மரக்குச்சி நாலைந்தை எடுத்துக் கோதண்டபாணி கையில் கொடுத்தேன். எஞ்சின் நேற்றிலிருந்து ஆறிக் கிடந்ததால் ஸ்பிரிட்டுக்குப் பயமில்லை.

ஆனால் அவர் கையை வைக்கவில்லை. குச்சியைப் பிடித்துக்கொண்டு நின்றார். புளிபோட்டு எண்ணையே அழித்த மனிதருக்கு இதைச் சுரண்ட மனம் வரவில்லை.

அம்மாள் பெஞ்சிலிருந்தே சொன்னார். "சுரண்டுடா. அம்பாள் கோச்சுக்க மாட்டா. நானாச்சு."

சுரண்டினார். முதலில் சிவப்பு, பிறகு மஞ்சள், பிறகு கறுப்பு. மூன்று தடவை பஞ்சு மாற்றினேன். கீழே இரும்பு தெரிந்தது. துளித் துரு இல்லை. அதில் அதிசயம் ஒன்றுமில்லை, எண்ணெயில் கிடந்த இரும்பு துருப்பிடிக்காது. நேற்று அடித்ததுபோல் ஐந்து எண்கள் நின்றன. ஒவ்வொரு எண்ணாக வெளிவர வெளிவரக் கோதண்டபாணி உரக்கச் சொன்னார், ரஹ்மான் புத்தகத்தில் பேனா முனையை நகர்த்தினார். நாலு, ஒண்ணு, ஏழு, ஏழு, ரெண்டு. கடைசி எண்ணில் கூலிகளும் சேர்ந்து சொன்னார்கள்.

ரஹ்மான் முத்திரையைக் குத்தினார். டிரைவர் கைநாட்டு வைக்க வேண்டும் என்று மையை நீட்டினார். கோதண்டபாணி வைத்தார். கறுப்பு வட்டம் விழுந்தது. ரஹ்மான் அதைச் சற்று நேரம் பார்த்தார். அப்புறம்தான் சிரித்தார். அதுவரை இங்கிலீஷ் கலந்து ஆபீசுத் தமிழ் பேசிய மனிதர் ஒரேயடியாக ராயப்பேட்டைக்காரர் ஆகிவிட்டார்.

"இன்னா நைனா, வண்டிக்கும் நம்பர் இல்ல, உனக்கும் ரேகை இல்ல. உன் நெத்தியில எதுனா எயுதிக்கீதா, அத்தையும் சொரண்டிப் பாக்கட்டுமா?"

காரை வலையில் கட்டிக் கிரேன் தூக்கியது. கோதண்டபாணி கண்ணை மூடிக்கொண்டு என் கையைப் பிடித்துக்கொண்டார். கார் டெக்கில் இறங்கிய சத்தம் கேட்டும் திறக்கவில்லை. "கண்ணைத் தொறடா, நாமதான் இன்னும் ஏறல" என்று அம்மாள் அதட்டிய பிறகுதான் திறந்தார். கடல் இரண்டு மணி நேரம்தான். எனக்கும் அம்மாளுக்கும் ஒன்றும் ஆகவில்லை. அவர் மட்டும் டெக்கில் காரின் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்துக்கொண்டே வந்தார். உள்ளே வந்து படுங்கள் என்றால் கேட்கவில்லை.

கண்டியில் சுப்புலக்ஷ்மிக்குப் பெண் பிறந்தது. சுகப் பிரசவம், ஆறே கால் பவுண்டு. மாப்பிள்ளை தினம் அதே காரில் பின் சீட்டில் உட்கார்ந்து ஆபீஸ் போனார். இரண்டாம் மாதத்திலிருந்து தேனாம்பேட்டைப் பேச்சு நின்றுவிட்டது. காரை விற்றால் அம்மாவுக்கு இடுப்பு வலிக்கும் என்று அவரே எனக்கு விளக்கினார். நான் கேட்டுக்கொண்டேன்.

பங்குனியில் திரும்பினோம். தனுஷ்கோடியில் அதே ரஹ்மான். புத்தகத்தைக்கூடப் பிரிக்காமல் நேரே பானெட்டைத் திறக்கச் சொன்னார். கோதண்டபாணி பெருமையாகத் திறந்தார். எண் மட்டும் எண்ணெய் பூசித் தனியாக நின்றது. அதற்குப் பக்கத்தில் வளைந்த இரும்பில் ஒரு சிறு குங்குமப் பொட்டு, வழிந்து பாதி கீழே வந்திருந்தது.

ரஹ்மான், பொட்டு ஏன் இடம் மாறிவிட்டது என்று கேட்டார்.

"நெத்தி சர்க்காருக்குன்னு வுட்டுட்டேன் சார். அம்மனுக்குக் கன்னத்துல வெச்சிக்கீறேன்."

அதன் பிறகு யுத்தம் வரும்வரை நாலைந்து வருஷத்தில் மயிலாப்பூரிலும் தியாகராய நகரிலும் யார் இலங்கைக்குக் கார் கொண்டுபோவதானாலும் மோட்டார் சங்கத்துக் குமாஸ்தா மந்தைவெளிக்குத்தான் ஆள் அனுப்புவார். கோதண்டபாணி அம்மாளிடம் லீவு சொல்லிவிட்டு ஏழு வண்டிகளை அக்கரை சேர்த்துவிட்டு வந்தார். எந்த வண்டியானாலும் முதலில் பானெட்டைத் திறந்து நெற்றியைத் தேடுவார். சந்தனம் இருந்தால் ஊறவைத்துச் சுரண்டுவார். மரக்குச்சி என்னிடம்தான் வாங்குவார். பித்தளைத் தகடு இருந்தால் அதன் மேல் ஒரு துணியைக் கட்டிவிட்டு, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு தள்ளி நிற்பார்.